தோலும் நரம்பும் தந்தவர்

(திருக்குட நன்னீராட்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று காலை யாகசாலையினின்று கடங்கள் புறப்பட்டபோது முன்னே முழங்கிய வாத்திய ஒலி கேட்டு நாம் அனைவரும் மெய்சிலிர்த்தோம். அம்முழவின் தோலைப் பதப்படுத்தித் தந்தவர் யாவர் என்று எத்தனை பேர் எண்ணினோம்? அடியேனும் எண்ணவில்லை. பேச எழுந்தபோதுதான் திருநாளைப்போவார் நினைவில் வந்தார்.

கொள்ளிடக் கரையிலுள்ள மேற்காநாட்டு ஆதனூரில் தோன்றிய அப்பெருமானுடைய தொண்டு யாதென்பதைச் சேக்கிழார் பெருமான் தெளிவுறக் கூறியிருக்கிறார். முழவுகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் கோயில்களுக்கு அளித்து வந்தார். அவர் தந்த கோரோசனை இறைவன் திருமுன்பு சென்றது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். கைப்பொருளுக்கு இல்லாத தீட்டு, கைக்கு மட்டும் எவ்வாறு வந்தது?

திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்து அவருக்குக் காட்சி தந்தருளினான். இன்றும் அந்நந்தி சற்றே விலகியிருப்பதை அங்குச் செல்வோர் காணலாம். ஆயினும் தில்லையில் தீயில் மூழ்கி, மறைமுனிவர் வடிவோடு எழுந்த பின்னரே அவர் திருக்கோயிலுட் புகுந்தார். இதற்குப் பெரியோர் தத்துவப் பொருள் உரைப்பர், மறுக்கத் துணியேன். பழைய வடிவோடே உள்ளே செல்லலாகாதா என்று நெஞ்சம் கேட்கவே செய்கிறது.

நந்தனாரை அடக்கியாண்ட வேதியராகிய பண்ணையாரைப் பெரியபுராணத்தில் தேடினால் காணமாட்டீர்கள். சேக்கிழார் காட்டும் நந்தனார், ஊர்ப்பணிக்கென விடப்பட்ட நிலத்தின் வருவாயில் வாழ்ந்தவர். பண்ணையாரைக் கதைக்குள் கொணர்ந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரே. மூலத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்று குறை கூறுவோர் உளர். நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்த அவர், இக்காவிரி நாட்டு வயல்வெளியில் தாம் கண்டதையே சேர்த்தார் என்பது அடியேன் கருத்து. பண்ணையாட்களைச் சவுக்கால் அடித்தும் சாணிப்பால் புகட்டியும் வேலை வாங்கிய கொடுமை இந்நாட்டில் அவர் காலத்திற்குப் பின்னரும் நெடுநாள் நீடித்ததன்றோ?

1939-ஆம் ஆண்டு மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் ஆலயப் பிரவேசத்தை நடத்திய வைத்தியநாத ஐயர் தஞ்சை மாவட்டத்து விஷ்ணம்பேட்டையில் பிறந்தவர். அவ்வாண்டிலேயே தஞ்சைப் பெரிய கோயிலும் அனைவர்க்கும் திறக்கப்பெற்றது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் கூலி உயர்வு குறித்து எழுந்த தகராறில், 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். நந்தனார் தீயிலிருந்து எழுந்தார் எனப் படிக்கிறோம், இவர்கள் எழவில்லை.

பிறரைக் குறைகூற அடியேனுக்குத் தகுதியில்லை. பத்து வயதில், களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை, என் பாட்டனாரினும் மூத்தவரை, 'டேய்' என்று பெயர் சொல்லி அழைத்தேன். அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "என்னங்க சின்னய்யா?" என்று கேட்டார். எம் வீட்டார் ஒருவரும் என்னைக் கண்டிக்கவில்லை. அன்று மாலை அதே வாயால் தேவாரம் ஓதினேன்; நன்றாக ஓதியதாகக் கற்கண்டும் கிடைத்தது. அம்முதியவர் தூற்றிய நெல்லில் ஒரு பகுதிதான் சுவாமி நைவேத்தியத்திற்கு அளக்கப்பட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்கும் அறிவு எனக்கு வந்தபோது அவர் இல்லை.

இன்று பண்ணையாள் முறை இல்லை. ஆனால் அலுவலகத்தில் புதிதாய் வந்தவரிடம் ஊரின் பெயரைக் கேட்டபின், "அவ்வூரில் எந்தத் தெரு?" என்றும் கேட்கிறோமே, அது வழி அறிவதற்கா? தெருக் கூட்டுபவர் தண்ணீர் கேட்டால், கைக்கு எட்டிய குவளையை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுகிறோம். இவற்றையெல்லாம் ஒரு சட்டமும் வந்து பார்த்துக்கொண்டிராது. பார்க்க வேண்டியவர் நாமே.

மேடை ஏறுமுன் திருப்பணிக் குழுவினரிடம் ஒன்று கேட்டேன். காலையில் நமக்காக முழங்கிய பறைக் கலைஞர்கள் மாலை அன்னதானத்தில் எப்பந்தியில் அமர்வர் என்றேன். குழுத்தலைவர் சற்றுத் தயங்கினார். பின்பு, "முதற்பந்தியிலேயே அமரட்டும்" என்றார். அவர்கள் பக்கத்தில் அடியேனுக்கும் ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சில இலைகளுக்கு அங்கே இடமிருக்கிறது.