கணக்கெடுக்க வரும் மாணவர்களும் கணக்குக் கேட்க வேண்டிய நாமும்

(விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர், மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்லூரி மாணவர்கள் கூட்டாகச் சேர்ந்து, நோட்டுப் புத்தகமும் கையுமாக நம் குடிசைகளுக்கும் மில் லயன்களுக்கும் வருகிறார்கள். எத்தனை பேர், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று கேட்கிறார்கள். “எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததுண்டா? இதனால் நமக்கென்ன லாபம்?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நடந்த சரித்திரத்தைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னை சர்வகலாசாலைக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் அவர் ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அது தொழிலாளிகள் படிப்பதற்கென்று 1899-ல் ஏற்பட்ட கல்லூரி. சென்னையில் அவர் தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், உழைப்பவன் யார், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதி வந்தார்கள். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டு தூசி, தஞ்சையில் பாலக்குறிச்சி, நெல்லையில் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் கணக்கு 1918-ல் புத்தகமாக வெளிவந்தது.

இருவேல்பட்டுக் கணக்கில் என்ன இருந்தது? படியாள் இருந்தான். கல்யாணத்துக்கு மிராசுதாரிடம் கடன் வாங்குவான். கூலியோ வயிற்றுக்கே போதாது. கடனை எப்படி அடைப்பான்? ஆகவே ஆயுள் முழுவதும் அந்த வயலிலேயே உழைப்பான். அவனுக்குப் பின் மகனும் உழைப்பான். கடன் என்ற பெயரில் இருந்தது அடிமைத்தனம்! அதை அச்சில் ஏற்றியது மாணவர்களின் நோட்டு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அன்று கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். புத்தகம் வந்தது இங்கிலீஷில். யாருடைய வாழ்வை எழுதினார்களோ, அவனுக்கு அதைப் படித்துக் காட்டியது யார்?

அப்படியானால் அந்த வேலை வீணா? வீணல்ல. 1936-37-ல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் முன்னின்று அதே ஊர்களில் பலவற்றை மறுபடி ஆராய்ந்தார்கள். 1983-ல் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைப் பற்றி எழுதினார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் மீண்டும் அங்கே போனார்கள். பழைய படியாள் முறை போய்விட்டது. மிராசுதாரின் பிடி தளர்ந்துவிட்டது. ஜனங்கள் வயலுக்கு வெளியே வேலை தேடிப் போகிறார்கள் என்று கண்டார்கள். முதல் நோட்டு இல்லாவிட்டால் இந்த மாற்றத்தை எதை வைத்து அளப்பது? “எல்லாம் ஆண்டவன் வகுத்தது, என்றும் இப்படித்தான்” என்பவனுக்கு இந்தக் கணக்கே பதில்.

மாற்றம் தானாக வந்ததா? இல்லை. தஞ்சையில் விவசாயிகள் சங்கம் கட்டிப் போராடினார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. நோட்டு மட்டும் யாரையும் விடுவிக்காது. ஆனால் சங்கத்தின் கையில் சரியான கணக்கு இருந்தால், “உன் பேச்சுக்கு ஆதாரம் எங்கே?” என்று எவனும் வாயை அடைக்க முடியாது.

மாணவ நண்பர்களே! பண்ணையார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூலிக்காரனின் கணக்கை எழுதாதீர்கள். அவன் வீட்டு வாசலுக்குப் போங்கள். நாற்று நடும் பெண்ணின் கூலியை அவள் புருஷனிடம் கேட்காதீர்கள்; அவளிடமே கேளுங்கள். மில்லில் ஒரு நாள் கூலி என்ன என்பதோடு நிறுத்தாதீர்கள். பதிலித் தொழிலாளிக்கு மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எத்தனை நாள் கேட்டிலிருந்து திரும்பினான் என்றும் கேளுங்கள். மெத்தை வீட்டுப் பிள்ளையும் குடிசை வீட்டுப் பிள்ளையும், ஆணும் பெண்ணும் ஒரே குழுவாகப் போங்கள். ஒருவருக்குத் திறக்காத கதவு இன்னொருவருக்குத் திறக்கும். ஒருவர் கேட்கத் தெரியாத கேள்வியை இன்னொருவர் கேட்பார். கூட்டு ஆராய்ச்சியின் பலம் அதுதான்.

தோழர்களே! உங்களுக்கும் கடமை உண்டு. கூட்டாமல் குறைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். உண்மை சொன்னதற்காக வேலை போகும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அது வெறும் பயமல்ல. ஆகவே பெயர் எழுதக்கூடாது என்று முதலிலேயே கேளுங்கள். எழுதி முடித்ததை இதே ஊரில், தமிழில், எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்ட வேண்டும் என்று வாக்கு வாங்குங்கள். தப்பு இருந்தால் எழுந்து திருத்துங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும்.

1916-ல் படியாளிடம் கேள்வி மட்டும் கேட்டார்கள். இன்று அவன் பேரனும் பேத்தியும் கல்லூரிக்குப் போகிறார்கள். இனி கேள்விப் பட்டியல் எழுதும்போது நாமும் பக்கத்தில் உட்காருவோம்!