தகர ஷெட் ஜிம்மும் ஆச்சியோட 58 கிலோவும்

போன எபிசோடுல வொர்க் ஃப்ரம் ஹோம் பத்திப் பேசும்போது, ஊருக்கு வந்தப்புறம் தினமும் ஜிம்முக்குப் போறேன்னு ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்துட்டேன். எந்த ஜிம், என்ன ஃபீஸ், ஏசி இருக்கான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஏசி இல்ல. சுவரே மூணு பக்கம்தான் இருக்கு.

கதை 2023 டிசம்பர் 17-ல ஆரம்பிக்குது. அந்த மழையை மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர். தூத்துக்குடியில எங்க வீடு முத்தம்மாள் காலனி. ராத்திரி கரண்ட் போச்சு, தண்ணி வாசல்படி தாண்டி உள்ள வந்துச்சு, கொஞ்ச நேரத்துல கட்டில் காலைத் தொட்டுருச்சு. வீட்டுல அம்மா, நான், 81 வயசு ஆச்சி. ஆச்சிக்கு முட்டி மடங்காது. மாடிக்கு 16 படி. 58 கிலோ.

நான் அதுக்கு முன்னாடி சென்னையில ஒன்றரை வருஷம் ஒரு பெரிய ஜிம்முக்குப் பணம் கட்டினவன். கண்ணாடி, புரொட்டீன் ஷேக் கவுண்டர், எல்லாம் உண்டு. டி-ஷர்ட் போட்டா கை நல்லாத் தெரியும். அந்தத் தைரியத்துல ஆச்சியைத் தூக்கினேன். ரெண்டாவது படியில இடுப்பு பிடிச்சுக்கிச்சு. மறுபடியும் தண்ணியிலயே இறக்கி விட்டேன். "விட்ருல, நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்"னு ஆச்சி சொன்னா.

எதிர்வீட்டு அண்ணாச்சி இடுப்பளவு தண்ணியில நடந்து வந்தாரு. துறைமுகத்துல லோடு ஏத்துற வேலை, ஐம்பது வயசுக்கு மேல. முதுகைத் திருப்பிக் குனிஞ்சு, "கழுத்தக் கட்டிக்கோங்க ஆச்சி"ன்னாரு. நிக்காம 16 படியும் ஏறிட்டாரு.

தண்ணி வடிஞ்சப்புறம் அவர்கிட்டயே போய், எனக்கும் இந்த பலம் வேணும் அண்ணாச்சின்னு கேட்டேன். "என்னப் பாத்துக் கத்துக்காதல"ன்னு வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினாரு. வீங்கிக் கிடந்துச்சு. இத முதல்லயே சொல்லிடணும், ஏன்னா இந்த மாதிரிக் கதையில உடல் உழைப்பை ரொமான்டிக் ஆக்குறது ரொம்ப ஈஸி. மூட்டை தூக்குறது பயிற்சி கிடையாது. முதல் நாளே முழு எடை, நாளைக்கும் அதே எடை, வலிச்சாலும் லீவு இல்ல. பயிற்சின்னா கொஞ்சத்துல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, நடுவுல உடம்பு தேற நேரம் கொடுக்கறது. "அதுக்கு அங்க போ"ன்னு திரேஸ்புரம் பக்கம் ஒரு தகர ஷெட்டுக்கு அவர்தான் கை காட்டினாரு.

அங்க இருக்கிறது ரெண்டு ராடு, துருப்பிடிச்ச பிளேட்டுங்க, ஒரு பெஞ்சு, புல்-அப்ஸுக்குத் தண்ணிக் குழாய், மூலையில மணல் அடைச்ச உப்புச் சாக்கு ஒண்ணு. கடக்காத்து பட்டா எதுவுமே துருப்பிடிக்கும், மாஸ்டர் மாசம் ஒருக்கா எண்ணெய் துடைப்பாரு. ஃபீஸ் 500. முதல் வாரம் வெறும் ராடு, 20 கிலோ, ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும் மட்டும். ஒவ்வொரு வாரமும் 2.5 கிலோ ஏத்தணும். நோட்டுல எழுதணும். அவ்வளவுதான். சென்னையில நாற்பது மெஷின்ல இன்னிக்கு எதுன்னு யோசிச்சே பாதி நேரம் போகும். இங்க யோசிக்க எதுவும் இல்ல. போன வாரத்தை விட ஏறுச்சா இல்லையான்னு மட்டும்தான் கேள்வி. நம்ம பாஷையில சொன்னா, டேஷ்போர்டே இல்லாத சிஸ்டம், ஒரே ஒரு லாக் ஃபைல்.

இது ஒண்ணும் புதுசு இல்ல. தென் மாவட்ட கிராமங்கள்ல கோயில் பக்கம் உருண்டையா, வழவழன்னு ஒரு கல் கிடக்கும், பாத்திருப்பீங்க. இளவட்டக்கல். கல்யாணக்கல்லுன்னும் சொல்லுவாங்க, அதைத் தூக்குறவனுக்குத்தான் பொண்ணுன்னு ஒரு வழக்கம் இருந்ததால. அந்தப் பகுதியை விட்டுத் தள்ளிட்டு கல்லை மட்டும் பாருங்க. பிடிக்க ஒரு கைப்பிடி கிடையாது. குந்த வச்சு, ரெண்டு கையாலயும் அணைச்சு, தொடைக்கு ஏத்தி, அங்கேருந்து நெஞ்சு, அப்புறம் தோள், கடைசியில பின்னால தள்ளணும். திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்துல வடலிவிளையில பொங்கலுக்கு இன்னும் போட்டி நடக்குது. அங்க ஒரே கல் இல்ல, வேற வேற எடையில வரிசையா வச்சிருப்பாங்க. ஒண்ணைத் தூக்கினாத்தான் அடுத்தது. இதுக்கு நாம இப்ப "புரோகிரசிவ் ஓவர்லோட்"னு பேரு வச்சு யூடியூப்ல பாக்குறோம். பெண்களும் அங்க கலந்துக்கிறாங்க, உரல் தூக்குவாங்க.

வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கமும் சின்ன உள்ளூர் ஜிம்முல ஆரம்பிச்சவர்தான். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். 2018 கோல்ட் கோஸ்ட்லயும் தங்கம். ஆனா அவருக்கு ஒண்ணு இருந்துச்சு. அப்பாவே தேசிய அளவுல எடை தூக்கினவர். இடம் எளிமையா இருக்கலாம், சொல்லித் தர ஆள் இல்லாம இருக்கக் கூடாது. எங்க மாஸ்டர் என் முதுகு வளைஞ்சா ராடை இறக்கச் சொல்லித் திட்டுவாரு. அப்படி ஒருத்தர் இல்லாத ஷெட்டுன்னா போகாதீங்க.

இன்னொரு குறையும் இருக்கு. என் தங்கச்சி வரேன்னா, அங்க டிரஸ் மாத்த இடம் இல்ல, சாயங்காலம் முழுக்க ஆம்பளைங்க கூட்டம். மாஸ்டர்கிட்ட பேசி, காலையில ஆறுலேருந்து ஏழு பெண்களுக்குன்னு ஆக்கியிருக்கோம். இப்போதைக்கு மூணு பேர் வர்றாங்க. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்யச் சொல்றது ஆம்பளைக்கு மட்டும் இல்லையே.

இப்ப என் டெட்லிஃப்ட் 110 கிலோ. ஆனா ராடு அசையாது, ஆச்சி அசைவா. அதனால வாரத்துல ஒரு நாள் அந்த மணல் சாக்கு. இப்போ 50 கிலோ, அணைச்சுக்கிட்டு ஷெட்டுக்கும் ரோட்டுக்கும் நாலு நடை. போன ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுல ஏத்தணும்னு ஆச்சியைத் தூக்கினேன். இடுப்பு ஒண்ணும் பண்ணல. "சட்டையில என்னல துரு நாத்தம்"னு ஆட்டோ வளைவு தாண்டுற வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தா.