வாழும்போதே பாடுவோம்
(ஜூபிலி குடும்ப நாளில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நாற்று நடவும் ஏற்றம் இறைக்கவும் பாட்டு வைத்திருந்தவர்கள் நம் முன்னோர். மாமன் மகளைப் பாடிய நாட்டுப்பாட்டுகள் ஏராளம். ஆனால் தாலி கட்டிய மனைவியை எண்ணிக் கணவன் கட்டிய பாட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

புறநானூற்றில் ஒன்று இருக்கிறது. 71-ஆம் பாட்டு, ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் கூறிய வஞ்சினம். பகைவரை வெல்லாவிட்டால் தனக்கு என்னென்ன கேடு வரட்டும் என்று அரசன் அடுக்குகிறான். செங்கோல் தவறிய பழி வரட்டும், உயிர் நண்பர்களோடு கூடும் இன்பம் போகட்டும் என்கிறான். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் வைப்பது மனைவியைப் பிரியும் துன்பத்தை! அவன் மனைவி பெருங்கோப்பெண்டும் புலவரே. அவன் மாண்டபின் அவள் பாடியது 246-ஆம் பாட்டு. சான்றோர் தடுத்தும் அவள் தீயில் புகுந்ததை நாம் ஏற்பதற்கில்லை. உயிர் இறைவன் தந்த கொடை. ஆயினும் மனைவியின் அருமையை அவன் வாழும்போதே ஊரறியச் சொன்னான் என்பதை மறக்கலாகாது.

நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் ஜானி கேஷ், 1954-இல் சான் அன்டோனியோ நகரின் கத்தோலிக்க ஆலயமொன்றில் விவியன் என்பவரை மணந்தார். ஊர் ஊராகப் பாடச் சென்ற நாட்களில், மனைவிக்குப் பிரமாணிக்கமாய் இருப்பேன் என்று அவர் எழுதிய பாட்டு 1956-இல் இசைத்தட்டாக வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. ஆனால் நீண்ட பயணங்களும் போதைப் பழக்கமும் குடும்பத்தைக் குலைத்தன. கடைசியில் மணமுறிவு. எழுதியபோது அவர் பொய் எழுதவில்லை. பாட்டு வாக்குக் கொடுக்கும். அந்த வாக்கைக் காப்பது அன்றாட வாழ்வு.

திருப்பீடத்தின் முன் நாம் கொடுத்த வார்த்தைப்பாடும் அப்படித்தான். இந்த மசினகுடியில், யானை நடமாடும் சாலையில் கணவன் வீடு திரும்பும்வரை வாசலிலேயே கண் வைத்திருக்கும் மனைவியர் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்தி இறந்தபின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் கவிதை அச்சிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் சோறு போட்டவளிடம், "இன்று குழம்பு நன்றாயிருக்கிறது" என்று ஒருநாள் சொல்லியிருந்தால் அதை அவள் காதாரக் கேட்டிருப்பாளே!

பாட்டுக் கட்ட எல்லோருக்கும் வராது. வாங்கிய கூலியைச் சாராயக் கடைக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் கொடுப்பதும் ஒரு பாட்டுத்தான். நோயுற்ற மனைவிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும், களைத்து வந்த கணவனை ஏசாமல் வரவேற்பதும் பாட்டுத்தான்.

கொடியேற்றமும் தேர்ப்பவனியும் இனிதே நடக்கட்டும். இன்றிரவு ஒவ்வொரு வீட்டிலும் கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் ஒரு நல்ல சொல் சொல்லட்டும். அதுவே இந்த ஜூபிலிக்கு நாம் செலுத்தும் சிறந்த காணிக்கை. திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக!