மூன்றா, ஐந்தா?

மாட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை, இளஞ்சிவப்புப் பூ. பார்த்ததுமே மந்தாரை என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் எந்த மந்தாரை? பௌஹினியா பர்ப்பூரியா, பௌஹினியா வேரிகேட்டா என்று இரண்டு இனங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் நிற்கும்.

நிறத்தை நம்பாதீர்கள், அது மரத்துக்கு மரம் மாறும். பூவுக்குள் பாருங்கள். மகரந்தம் தரும் தாள்கள் பெரும்பாலும் மூன்று என்றால் பர்ப்பூரியா, ஐந்து என்றால் வேரிகேட்டா. முன்னதன் இதழ்கள் ஒடுங்கி, இடைவெளி விட்டு விரியும். பின்னதில் அகன்று, ஒன்றன்மேல் ஒன்று படியும். காலமும் காட்டிக்கொடுக்கும்: பர்ப்பூரியா மழைக்காலம் முடியும்போது இலையோடு பூக்கும். வேரிகேட்டா பனி விலகும்போது, பெரும்பாலும் இலை உதிர்ந்த கிளையில் பூக்கும்.

இந்த இரண்டும் கலந்து பிறந்ததுதான் ஹாங்காங்கின் புகழ்பெற்ற பௌஹினியா பிளேக்கியானா. 1908இல் அதைத் தனி இனம் என்றே பதிவு செய்தார்கள். அது கலப்பினம் என்பதை 2005இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. எனக்கு வியப்பு அதன் வாழ்க்கைமேல்தான். மரம் நிறையப் பூக்கும், ஆனால் விதை பிடிக்காது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாங்காங் கடலோரத்தில் கண்ட ஒரே மரத்திலிருந்து, மனிதர்கள் கிளை வெட்டியும் ஒட்டுக்கட்டியும் பெருக்கியவைதான் இன்றுள்ள அத்தனையும். ஹாங்காங் கொடியில் இருப்பதும் இந்தப் பூவே.