முழங்கை மூட்டு: ஒரு மெக்கானிக்கல்காரன் பார்வையில்

(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்தவனுக்கு எலும்பு ஆபரேஷனில் என்ன வேலை என்று சிவில்காரர்கள் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முழங்கை மூட்டைக் கதவுக் கீல் மாதிரி என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. மேற்கை எலும்பின் உருளையை அல்னா என்ற எலும்பு ஸ்பேனர் வாய் போலக் கவ்விப் பிடிக்கிறது. கை மடங்குவது இதனால். பக்கத்தில் ரேடியஸ், உருண்டைத் தலையோடு. உள்ளங்கை திரும்புவது அதனால். ஸ்பேனர் வாயின் முன் உதட்டுக்குக் கொரனாய்டு என்று பெயர். இரு பக்கமும் லிகமென்ட் என்கிற இணைப்பு நார்கள்.

எங்கள் ஷாப்பில் மூத்த ஃபிட்டர் ஒருவர் மழையில் வண்டி சறுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மூட்டு பின்னால் நழுவியது. ரேடியஸ் தலையும் கொரனாய்டும் உடைந்தன. மூன்றும் சேர்ந்து வந்தால் ‘டெரிபிள் ட்ரையட்’. 1996இல் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்க சர்ஜன் வைத்த பெயர். இழுத்து உட்கார வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அடுத்த எக்ஸ்ரேயில் கட்டுக்குள்ளேயே மறுபடி நழுவியிருந்தது! முன் உதடு போன பிறகு எது தடுக்கும்? அவரோ, "கத்தி வேணாம் தம்பி, புத்தூர்ல போய்க் கட்டிக்கிறேன்" என்றார். கை போனால் அவருக்குத் தொழிலே இல்லை. அதனால்தான் நான் டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டு, அவருக்குப் படம் போட்டு விளக்கினேன்.

ஆபரேஷன் ஆழத்திலிருந்து மேலே வருகிறது. முதலில் கொரனாய்டு: பெரிய துண்டானால் ஸ்க்ரூ; சிறிய துண்டானால் அல்னாவில் துளை போட்டு நூலால் இழுத்துக் கட்டுவது. அடுத்து ரேடியஸ் தலை. இரண்டு மூன்று துண்டென்றால் சின்ன ஸ்க்ரூக்கள். நொறுங்கியிருந்தால் உலோகத் தலை. அதன் உயரம் கூடிவிட்டால் எதிர் எலும்பு தேயும். தடித்த வாஷர் போட்டது போலத்தான். தலையை எடுத்துவிட்டு அப்படியே விடுவது மட்டும் இந்தக் கேஸில் ஆகாது.

கடைசியாக வெளிப்பக்க லிகமென்ட். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூட்டு சுழலும் அச்சு மேற்கை எலும்பில் எங்கே வருகிறதோ, சரியாக அங்கே நாரைப் பொருத்த வேண்டும். தள்ளிப் பொருத்தினால் ஒரு நிலையில் தளரும், இன்னொரு நிலையில் இறுகும். எக்சென்ட்ரிக் பற்றி நம் சார் போர்டில் வரைந்தது ஞாபகம் வருகிறதா? பிறகு மேஜையிலேயே கையை மடக்கி நீட்டி எக்ஸ்ரே திரையில் பார்க்கிறார்கள். இன்னும் நழுவினால் உட்பக்க நாரையும் தைப்பார்கள், அல்லது வெளியே கீல் வைத்த ஃபிக்ஸேட்டர் மாட்டுவார்கள்.

இத்தனையும் எலும்பு ஒட்டுவதற்கு மட்டுமல்ல, சீக்கிரம் அசைப்பதற்கு. மூன்று வாரத்துக்கு மேல் அசையாமல் கட்டிவைத்தால் முழங்கை இறுகிப் போகும். 1981இல் மேயோ கிளினிக்கின் மோரே குழுவினர் அளந்தபடி, அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 டிகிரி மடக்கம் போதும். நம் ஃபிட்டருக்கு 35 முதல் 125 வரை வந்திருக்கிறது. தானே சோறு பிசைந்து சாப்பிடுகிறார், சட்டைப் பட்டன் போடுகிறார். சம்மட்டி மட்டும் தூக்குவதில்லை. எல்லாருக்கும் இவ்வளவு வரும் என்றில்லை. சிலருக்கு இறுக்கத்தை விடுவிக்க இரண்டாவது ஆபரேஷனும் தேவைப்படும்.

இன்னொன்று. பாட்டி வைத்தியம் என்று எண்ணெய் தேய்த்து வலுவாக இழுத்து நீவ விடாதீர்கள். தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடக்கூடும். சுண்டுவிரல் மரத்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அல்னார் நரம்பு மூட்டை ஒட்டித்தான் ஓடுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் உங்களை இவ்வளவு நேரம் பிடித்து வைத்ததற்கு மன்னிக்கவும்.