நாய்ஸ் ஃபிகரைப் பார்த்து ஏமாறாதீங்க

ஓசூர்ல இருந்து பேசுறேன். கிருஷ்ணகிரியில இருந்து ஒரு காலேஜ் தம்பி கேட்டிருக்கான்: "அண்ணா, 160 மீட்டர், 40 மீட்டர் பேண்ட் கேட்க ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போறேன். நாய்ஸ் ஃபிகர் 0.6 டிபிதான். வாங்கலாமா?" ரெண்டு மாசமா சேர்த்த காசாம்.

தம்பி, கொஞ்சம் பொறு. அந்தத் தப்பை உனக்கு முன்னாடியே நான் பண்ணியாச்சு.

நாய்ஸ் ஃபிகர்னா ஆம்ப்ளிஃபையர் தன் பங்குக்குச் சேர்க்கிற இரைச்சல். சாட்டிலைட் சிக்னலுக்கு அது உயிர். ஆனா அலைவரிசை கீழே வர வர, மின்னல், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், ஃபேக்டரி மோட்டார் டிரைவ் எல்லாம் ஆன்டெனா வழியாவே இரைச்சலைக் கொட்டும். ஐடியு-வின் பி.372 கணக்குப்படி, நகரத்துல 7 மெகாஹெர்ட்ஸில் மனுஷன் உண்டாக்குற இரைச்சல் மட்டுமே சுமார் 53 டிபி. அங்கே 0.6-க்கும் 4-க்கும் என்ன வித்தியாசம்? சந்தைக்கடை நடுவுல நின்னு காது குடையுற கதைதான்.

அப்போ எதைப் பார்க்கணும்? பலமான சிக்னலைத் தாங்குற சக்தியை. பெங்களூரு ஆகாசவாணி 612 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். நம்ம ஊருக்குப் பக்கம். என் மொட்டை மாடியில புது ஆம்ப்ளிஃபையரை மாட்டினதும் அதே கன்னட நிகழ்ச்சி 1836-லயும் கேட்டுச்சு. 612-ஐ மூணால பெருக்கிப் பாருங்க! ஆம்ப்ளிஃபையரைக் கழற்றினேன், ஆவி ஓடிப்போச்சு.

டேட்டாஷீட்ல இதுக்கான எண் ஐபி3. அதுலயும் ஒரு பொறி இருக்கு. பெரும்பாலும் அவுட்புட் ஐபி3-ஐத்தான் பெருசா போடுவாங்க. அதுல கெயினைக் கழிச்சாதான் இன்புட் ஐபி3. 30 டிபிஎம்னு போட்ட ரெண்டு ஆம்ப்ளிஃபையர்ல, கெயின் 10 டிபின்னா இன்புட்ல 20 கிடைக்கும். கெயின் 25-ன்னா வெறும் 5. அந்த எண்ணை எந்த அலைவரிசையில அளந்தாங்கன்னும் பாரு. 900 மெகாஹெர்ட்ஸ்ல எடுத்த மார்க் 1.8-க்குச் செல்லாது.

சந்தேகமா? ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாடி 10 டிபி அட்டெனுவேட்டர் போடு. நிஜ சிக்னல் 10 டிபி குறையும். மூணாம் படி ஆவி 30 டிபி விழும்.

கடைசியா ஒண்ணு. வாங்குறதுக்கு முன்னாடி ஆன்டெனாவை ரிசீவர்ல நேரடியா சொருகு. இரைச்சல் நல்லா ஏறினா, உனக்கு ஆம்ப்ளிஃபையரே வேண்டாம். அந்தக் காசுல மீடியம் வேவைத் தடுக்குற ஃபில்டரும், நல்ல வயரும் வாங்கிக்கோ.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். 73!