முதல் நாள் அளவும் பத்தாம் வருடப் பல்லும்



பல் வைத்தியர்களும் ஆய்வு மாணவர்களும் தோட்டங்களின் சுகாதாரப் பணியாளர்களுமாகிய நாம் பேராதனையில் கூடியிருக்கலாம், வசதியும் அங்கேதான் அதிகம். ஆனாலும் பல்லை ஒத்த அடைப்புப் பொருள்கள் இயற்கைப் பல்லோடு எப்படிப் பற்றுகின்றன என்ற பேச்சைத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நோட்டன் பிரிட்ஜில் வைப்பதே பொருத்தம் என்று நினைத்தேன். ஒருநாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து பல் அடைக்க வருகிற கொழுந்தெடுக்கும் பெண், அடைத்தது விழுந்தால் திரும்ப அடைக்க வருவது அரிது. வலி பொறுக்க முடியாதபோது பிடுங்கத்தான் வருவார். ஆகவே பற்று எவ்வளவு உறுதி என்பதைவிட எத்தனை வருடம் நிற்கும் என்பதே இங்கே முக்கியம்.

எனாமல் நம்மை அதிகம் சோதிப்பதில்லை. 1955இல் மைக்கேல் புவோனோகோர் பொஸ்பாரிக் அமிலத்தால் அதன் மேற்பரப்பை அரித்துக் காட்டினார். அப்படி உண்டாகும் நுண்குழிகளில் ஒட்டும் பிசின் இறங்கி இறுகிவிடுகிறது. எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம் என்பதால் எனாமலை நன்றாக உலர்த்தலாம். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டீனில் கனிமம் சுமார் 70 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் கொலாஜனும் நீரும். அமிலம் கனிமத்தைக் கரைத்ததும் கொலாஜன் இழைகள் ஈரத்தின் தயவில் நிமிர்ந்து நிற்கும். காற்றைச் சற்று அதிகம் ஊதினால் படுத்துவிடும், பிசினுக்கு வழியில்லை. ஈரம் மிஞ்சினாலோ பிசின் சரியாக இறுகாது. இழையும் பிசினும் பின்னிய மெல்லிய படையை 1982இல் நகபயாஷி விளக்கினார். அதன் அடியில், பிசின் எட்டாத இடத்தில் வெறுமையாய் நிற்கும் கொலாஜனை, டென்டீனிலேயே இருக்கும் நொதிகள் காலப்போக்கில் சிதைக்கின்றன. முதல் நாள் எடுத்த பற்று அளவு இதைக் காட்டவே காட்டாது.

வில்சனும் கென்ட்டும் 1972இல் அறிவித்த கிளாஸ் அயனோமர் சீமெந்து, இழுவைச் சோதனையில் பிசினுக்குப் பின்தங்கியே நிற்கிறது. எனக்கோ அதன்மீது பெரிய மதிப்பு. அதன் அமிலக் கூறுகள் பல்லின் கல்சியத்தோடு நேரடியாக இணைகின்றன. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, துளைக்கும் இயந்திரமின்றியே லயத்து வாசலில் அடைக்கலாம். உடைந்தாலும் பெரும்பாலும் சீமெந்துக்குள்ளேதான் உடைகிறது. டென்டீன்மேல் ஒரு படலம் தங்கிவிடுகிறது.

ஆய்வுகளின் இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்படுவது பெரும்பாலும் சொத்தை படாத கடைவாய்ப் பற்கள். நம்மிடம் வருவதோ வெற்றிலை பாக்கு மென்று தேய்ந்து, மஞ்சளோடி, கண்ணாடிபோல் மினுங்கும் டென்டீன். அதன் நுண்குழாய்களைக் கனிமம் அடைத்திருப்பதால் அமிலமும் பிசினும் எளிதில் இறங்குவதில்லை.

எனவே என் வேண்டுகோள் இது. இந்த மலையில் பிடுங்கப்படும் பற்களை, உரியவரின் சம்மதத்தோடும் நெறிமுறை அனுமதியோடும் சேகரிப்போம். 0.5 சதவீதக் குளோரமின்-டி கரைசலில் ஒரு வாரம், பிறகு 4 பாகைக் குளிரில் காய்ச்சி வடித்த நீர். அடைப்புப் பொருளை ஒட்டிய பிறகு 5 பாகை நீரிலும் 55 பாகை நீரிலும் மாற்றி மாற்றி அமிழ்த்துவோம். சுடச்சுட பிளேன்டீயும் பீலித் தண்ணீரும் அந்தப் பல் பழகியவைதான். ஒரு பங்கை முதல் நாளே இழுத்துப் பார்ப்போம். மற்றப் பங்கை ஒரு வருடம் நீரில் விட்டு இழுப்போம். இரண்டு அளவையும் அருகருகே அச்சிடாத கட்டுரையை இனி நாம் ஏற்க வேண்டாம்.

தேய்ந்த டென்டீன் பற்றிய முதல் அமர்வுக்குரியவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.